நினைவிருக்கும்போதே சொல்லிவிடுவோம்

முதுபெரும் தந்தை யாக்கோபு எகிப்து நாட்டில் 17 ஆண்டுகள் வாழ்ந்தார். தமது 147ஆம் வயதில் இறுதிநாள் நெருங்குவதை உணர்ந்தபோது அவர் தம் மகன் யோசேப்பை அருகில் அழைத்தார். தம்மை எகிப்தில் புதைக்கலாகாது என்றும், முன்னோருடைய கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்றும் கேட்டு, அதற்கு ஆணையும் பெற்றுக்கொண்டார். பின்னர் பிள்ளைகள் பன்னிருவரையும் கூட்டி, மக்பேலா நிலத்துக் குகையைப் பெயர் சுட்டிக் கூறி, அதே விருப்பத்தை எல்லாரும் கேட்க மீண்டும் எடுத்துரைத்தார். தொடக்கநூலை வாசிப்போர் இதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தந்தை இறந்தபின், அவர் அப்படிச் சொன்னாரா, இல்லையா என்னும் வழக்கு அந்தச் சகோதரரிடையே எழவில்லை. மற்றபடி அவர்களிடையே வழக்குகளுக்குக் குறைவில்லை என்பதை நாம் அறிவோம்.

சாவைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால், 'நல்ல வார்த்தை பேசு' என்று வாயடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆயினும் நம் முன்னோர் இதில் முற்றிலும் ஊமைகளாய் இருந்ததில்லை. தம் அடக்கத்திற்கென்று ஒரு சேலையையும் ஒரு செபமாலையையும் தனியே எடுத்து வைத்திருக்கும் பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். கல்லறையைப் பற்றி அவர்களால் அமைதியாகப் பேச முடிந்தது. இன்று நாம் பேசத் தயங்குவது கல்லறைக்கு முந்திய படுக்கையைப் பற்றி. இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதை வரலாறு நமக்குக் காட்டும்.

ஒஸ்தியாவில் ஒரு தாய்

கி.பி. 387ஆம் ஆண்டு. உரோமையின் துறைமுகமான ஒஸ்தியாவில், ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தது ஒரு குடும்பம். தாய் மோனிக்காவுக்கு 56 வயது; மகன் அகுஸ்தினுக்கு 33. அங்கே தாய்க்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் அவர் இறந்தார்.

மோனிக்கா தம் சொந்த ஊரான தகாஸ்தேயில், கணவர் பத்ரீசியுவின் அருகில் தமக்கென்று ஒரு கல்லறையை முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். அதைக் குறித்து அவர் எவ்வளவு அக்கறை கொண்டிருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவேதான், அயல்நாட்டில் இறவாமல் தாயகத்தில் இறக்கட்டும் என்னும் ஏக்கத்தை மற்றொரு மகன் நவீகியு அவர் முன்னிலையிலேயே வெளியிட்டார். தாயோ அவரைக் கடிந்துகொள்ளும் பார்வையால் நோக்கி, தம் உடலை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைவுகூர வேண்டும் என்ற ஒன்றையே அவர் கேட்டார்.

மோனிக்கா தமது பழைய ஏற்பாட்டையே மாற்றிக்கொண்டார்; மாற்றியதைத் தம் வாயால் சொல்லவும் செய்தார். சொல்லாமல் இறந்திருந்தால், தாயின் பழைய விருப்பத்தை நிறைவேற்றவில்லையே என்ற உறுத்தல் அகுஸ்தினாரை வாழ்நாள் முழுவதும் வருத்தியிருக்கக்கூடும். அதற்கு மாறாக, தமது தன்வரலாற்று நூலின் ஒன்பதாம் பாகத்தில் தாயின் இறப்பை அழுகையோடும் ஆறுதலோடும் அவரால் எழுத முடிந்தது. அத்தாயின் எலும்புகள் 1430இல் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. 1945இல் ஒஸ்தியாவில் குழி தோண்டிய சிறுவர்கள் அவரது கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டைக் கண்டெடுத்தார்கள். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றவருடைய கல்லைக் காலம் இவ்வாறு காத்து வைத்திருந்தது!

சாகும் கலை

14ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியது. குருக்களும் திரளாக மாண்டனர். சாவோரின் அருகில் நிற்க ஆள் இல்லை. இந்த அனுபவத்தின் பின்னணியில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'ஆர்ஸ் மோரியெந்தி', அதாவது 'சாகும் கலை' என்ற பெயரில் சிறு நூல்கள் பரவின. பாரிஸ் பல்கலைக்கழக வேந்தர் ஜான் ஜெர்சன் எழுதியவை இவற்றுக்கு வழிகாட்டின. சாவோரைத் தாக்கும் ஐந்து சோதனைகளை அந்நூல்கள் வகுத்துக் கூறின: விசுவாசம் இழத்தல், மனமுடைந்து போதல், பொறுமை குலைதல், தற்பெருமை, உறவின் மீதும் பொருளின் மீதும் உள்ள பற்று. படிக்கத் தெரியாதோருக்கென மரக்கட்டைப் படங்களும் அச்சிடப்பட்டன. சாவது தனியொருவரின் வேலையன்று, நண்பர்கள் அருகிருந்து கேட்கவும் செபிக்கவும் வேண்டும் என்பதே இந்நூல்களின் உட்பொருள். 1620இல் கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் இதே பொருளில் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு அவரே இறந்தார்.

அக்காலத்து இறையியலார் மருத்துவத்தைப் பற்றியும் சிந்தித்தனர். 16ஆம் நூற்றாண்டில் சாலமாங்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைப் பேணுவது கடமைதான், ஆயினும் அக்கடமைக்கு எல்லை உண்டு என்றார். கோழிக்கறி போன்ற விலையுயர்ந்த உணவை உண்டால் ஆயுள் நீடிக்கும் என்று மருத்துவர் கூறினாலும், அதை உண்ண ஒருவர் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. கோழியே ஆடம்பரமாய் இருந்த காலம் அது! உயிரைக் காக்கும் சாதாரண வழி, அசாதாரண வழி என்னும் பகுப்பு அந்த நூற்றாண்டிலேயே திருச்சபையின் அறநெறியில் வேரூன்றியது.

இயந்திரம் எழுப்பிய கேள்வி

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுவிட இயலாத நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் இதனைச் செய்து பல உயிர்களைக் காத்தனர். அந்தக் கைகளின் வேலையை விரைவிலேயே இயந்திரங்கள் ஏற்றன. மருத்துவ வரலாற்றில் இது ஒரு வெற்றி, ஐயமில்லை. ஆனால் மீண்டெழ வழியற்றவருக்கும் அவ்வியந்திரம் மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. எப்போது நிறுத்துவது? யார் நிறுத்துவது?

ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புருக் நகரின் மயக்க மருந்தியல் மருத்துவர் புருனோ ஹைட் இக்கேள்விகளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் அனுப்பினார். 1957 நவம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை விடை அளித்தார். ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றின் சூழலில் தமக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாத சாதாரண வழிகளையே கையாளக் கடமை உண்டு என்றார் அவர். மருத்துவருக்கு நோயாளியின் இசைவின்றித் தனி உரிமை கிடையாது. நினைவிழந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு உள்ள உரிமையும், அந்நோயாளி வயதுவந்தவராயின், அவருடைய விருப்பம் என்று கருதத்தக்கதையே பொதுவாகச் சார்ந்திருக்கும்.

இறுதியாகச் சொன்னதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தே குடும்பத்தார் முடிவெடுக்க வேண்டும் என்றால், அந்த விருப்பம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? யாக்கோபும் மோனிக்காவும் அடக்கத்தைப் பற்றிச் சொன்னால் போதுமாயிருந்தது. நாமோ அடக்கத்திற்கு முந்திய நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டியவர்கள் ஆகிவிட்டோம்.

கரேன் ஆன்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் யோசேப்பு குவின்லன், ஜூலியா என்னும் கத்தோலிக்கத் தம்பதியர் வாழ்ந்தனர். அவர்கள் தத்தெடுத்து வளர்த்த மகள் கரேன் ஆன். 1975 ஏப்ரல் 15 விடியுமுன், ஒரு விருந்திலிருந்து திரும்பிய நிலையில் 21 வயதான அப்பெண்ணின் மூச்சு நின்றது. இரண்டு முறை, குறைந்தது பதினைந்து நிமிடங்கள் வீதம். மூளை மீளாச் சேதம் அடைந்தது. டென்வில் நகரின் கத்தோலிக்க மருத்துவமனையில் செயற்கை மூச்சுக் கருவியின் துணையோடு அவர் கிடந்தார். உடல் சுருண்டு, எடை 36 கிலோவுக்கும் கீழே இறங்கியது.

தந்தை யோசேப்பு தம் பங்குத்தந்தை தாமஸ் திராப்பாசோவை நாடினார். மகளின் மூச்சுக் கருவியை நிறுத்தக் கேட்பது பாவமாகுமா என்பதே அத்தந்தையின் உள்ளத்தை அறுத்த கேள்வி. திருச்சபையின் படிப்பினைப்படி அது அசாதாரண வழி, அதை நிறுத்தலாம் என்று பங்குத்தந்தை தெளிவுபடுத்தினார். ஜூலை இறுதியில் பெற்றோர் எழுத்தில் இசைவு கொடுத்தும் மருத்துவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1975 நவம்பர் முதல் நாள் பேட்டர்சன் மறைமாவட்ட ஆயர் லாரன்ஸ் கேசி, பெற்றோர் கேட்பது கருணைக்கொலை ஆகாது என்று அறிக்கை வெளியிட்டார். ஆயினும் அதே மாதம் 10ஆம் நாள் கீழ் நீதிமன்றம் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் ஒரு சாட்சியம் நம் சிந்தனைக்கு உரியது. தெரிந்தவர்கள் நோயில் நெடுநாள் துன்புற்று இறந்ததைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, தம்மை அவ்வாறு அசாதாரண வழிகளால் உயிரோடு வைத்திருக்க வேண்டாம் என்று கரேன் ஆன் சொல்லியிருந்தார். தாயும் தங்கையும் ஒரு தோழியும் இதனை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். ஆனால் அச்சொற்கள் பிறரைப் பற்றிய பேச்சில் போகிறபோக்கில் சொல்லப்பட்டவை, சான்றாக ஏற்கப் போதிய கனம் அற்றவை என்று ஒதுக்கப்பட்டன. இறுதியில் பெற்றோருக்கு இசைவு அளித்த மாநில உச்ச நீதிமன்றமும் இந்தக் கருத்தையே ஏற்றது! மகள் சொல்லியிருந்தாள், தாய் கேட்டிருந்தாள், இருந்தும் அச்சொல் மன்றத்தில் நிற்கவில்லை.

1976 மார்ச் 31ஆம் நாள், தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஹியூஸ் வெளியிட்ட அத்தீர்ப்பு நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த தீர்ப்பு. தந்தையை மகளின் காப்பாளராக நியமித்து, அவளது உரிமையை அவள் சார்பில் அவர் செயல்படுத்தலாம் என்றது. ஆயர் கேசியின் அறிக்கையையும் அதில் விரிவாக எடுத்தாண்டிருந்தார்கள். மே மாதம் மூச்சுக் கருவி படிப்படியாக அகற்றப்பட்டது. ஆனால் எல்லாரும் எதிர்பார்த்தவாறு கரேன் ஆன் இறக்கவில்லை, தானாகவே மூச்சுவிட்டார். பெற்றோர் உணவுக் குழாயை நிறுத்தும்படி ஒருபோதும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் கிடந்தார். தந்தை நாள்தோறும் சென்று பார்த்தார். 1985 ஜூன் 11ஆம் நாள், 31ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் கரேன் ஆன் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோதே, 1980இல், சாகும் நிலையிலிருப்போரைப் பேணும் ஒரு நிலையத்தைப் பெற்றோர் அவர் பெயரால் நிறுவியிருந்தனர். மகளைக் கொல்லத் துணிந்தவர்கள் என்று அவர்களைத் தூற்றியோருக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுமோ?

இத்தீர்ப்பு வெளிவந்த ஆண்டிலேயே கலிபோர்னியா மாநிலம், ஒருவர் தம் இறுதி மருத்துவ விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1990 ஜூன் 25ஆம் நாள், நான்சி குரூசன் என்னும் பெண்ணின் வழக்கில், நோயாளியின் விருப்பத்திற்குத் தெளிவான, ஐயமற்ற சான்று கேட்க மாநிலத்திற்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கூறியது. வாய்ப்பேச்சு தோற்ற இடத்தில் ஏடு பிறந்தது எனலாம்.

நம் நாட்டில்

1973இல் மும்பையில் கொடிய தாக்குதலுக்கு உள்ளான செவிலியர் அருணா ஷான்பாக், தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே 41 ஆண்டுகளுக்கு மேல் உணர்வற்றுக் கிடந்து 2015 மே 18இல் இறந்தார். அவரைப் பற்றிய வழக்கில் 2011 மார்ச் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அவரைப் பேணிய செவிலியரின் விருப்பத்திற்கே மதிப்பளித்து, உணவை நிறுத்தக் கோரிய மனுவைத் தள்ளியது. 2018 மார்ச் 9ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், தெளிந்த மனமுடைய வயதுவந்தோர் எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணம் செல்லும் என்றது. நடைமுறை கடினமாய் இருந்ததால் 2023 ஜனவரி 24இல் அது எளிதாக்கப்பட்டது. நீதித்துறை நடுவரின் ஒப்பம் தேவையில்லை. இரு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உயிரைப் பறிப்பதற்கு இத்தகைய ஏடு வாயிலாகாது. கருணைக்கொலையைத் திருச்சபை 1980ஆம் ஆண்டு அறிக்கையிலும் அதன் பின்னரும் திட்டவட்டமாக மறுத்துள்ளது. உணவும் நீரும், குழாய் வழியே தரப்பட்டாலும், கொள்கையளவில் சாதாரணப் பேணலே என்று 2004இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கற்பித்தார். பயனற்ற பெருஞ்சுமையை மறுப்பது வேறு. சாவைத் தேடுவது வேறு. அதே திருத்தந்தை 2005இல் தமது இறுதி நாள்களில் மருத்துவமனைக்குத் திரும்பாமல், தம் இல்லத்திலேயே மருத்துவர் சூழ இறந்ததை நாம் அறிவோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள் நிற்கும் காட்சி பங்குப்பணியாளர் எவருக்கும் புதிதன்று. ஒருவர் நிறுத்தலாம் என்பார். மற்றவர் பணம் பார்த்தா பேசுகிறாய் என்பார். பல வேளைகளில் இருவருமே அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் அப்பாவின் விருப்பம் என்னவென்று இருவருக்கும் தெரியாது. அந்தச் சண்டையின் வடு அடக்கத்திற்குப் பிறகும் ஆறுவதில்லை. பெற்றோர் தெளிவாகச் சொல்லியிருந்தால், அவ்வாசலில் பிள்ளைகளுக்கு இருக்கும் வேலை முடிவெடுப்பதன்று, கீழ்ப்படிவது மட்டுமே. துயரம் அப்போதும் இருக்கும். குற்ற உணர்வு இராது.

ஆகவே, எனக்கு நினைவு தவறினால் என் பொருட்டு யார் பேச வேண்டும், எத்தகைய சிகிச்சை எனக்குச் சுமை, வீட்டிலா மருத்துவமனையிலா, குருவை எப்போது அழைக்க வேண்டும் என்பவற்றை, கரேன் ஆனைப் போல் பேச்சோடு பேச்சாக அன்றி, யாக்கோபைப் போல் பிள்ளைகள் எல்லாரையும் அமர்த்திச் சொல்லிவிடுவது நன்று. எழுதி வைப்பது இன்னும் நன்று. மனம் மாறினால், மோனிக்காவைப் போல் மாற்றியும் சொல்லலாம். குருவை அழைப்பது பற்றிச் சொல்லும்போது, நினைவு தப்பிய பின் அன்று, பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை உட்கொள்ளவும் இயலும்போதே என்று சேர்த்துச் சொல்லுங்கள். எப்போது தொடங்குவது என்போருக்கு நவம்பர் 2 பொருத்தமான நாள். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, மந்திரிப்பு முடிந்து, குடும்பம் முழுவதும் வீடு திரும்பும் அந்த மாலையில், சாவைப் பற்றிப் பேசுவதை அபசகுனம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.