உள்ளே ஒழுகும் குழாய்கள்

சென்னை ராயபுரத்துக் கல்மண்டபத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் ஜி.ஐ. எல்போ ஒன்றை வாங்கிக்கொண்டுபோய், லண்டனில் எண்பது வருஷப் பழைய வீட்டின் வெந்நீர் ஹீட்டிங் குழாயில் திருகினால் மரை தடங்கலில்லாமல் ஏறும். நியூயார்க்கில் அதே எல்போ ஏறுவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, தண்ணீரைத் திறந்ததும் ஒழுகும். அங்கே மரையின் கோணம் 60 டிகிரி, இங்கே 55. இஞ்சுக்கு 14 மரை என்ற கணக்கு இரண்டுக்கும் பொது என்பதால் முதல் ஓரிரு சுற்றில் வித்தியாசம் தெரியாது.

அந்த 55 டிகிரியை வகுத்தவர் மான்செஸ்டரில் பட்டறை நடத்திய ஜோசப் விட்வொர்த். அவர் 1841-இல் சொல்லும்வரை இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒருவர் செய்த நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. ரயில் கம்பெனிகள் அவர் அளவை எடுத்துக்கொண்டதும் அது பரவியது. குழாய் மரைக்கும் பிற்பாடு அதே கோணம்தான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய அந்தத் தலைமுறையில், இன்ஜினும் பாய்லரும் குழாயும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மதராஸ் கரைக்கு வந்துகொண்டிருந்தன. நாடு மெட்ரிக் முறைக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் பிளம்பர் வாயில் ‘அரை இஞ்ச்’, ‘முக்கால் இஞ்ச்’தான். அரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அரை இஞ்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

குழாய்த் தண்ணீர் மதராசுக்குப் புதிதில்லை. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் 1772-இலேயே உருவானது. நாளொன்றுக்கு சுமார் 6.35 லட்சம் லிட்டர், அதுவும் கோட்டைக்காரர்களுக்கு. ஊருக்கென்று வந்தது 1872-இல்: கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கி, திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை ஓடவிட்டு, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் விட்டார்கள். வடிகட்டவில்லை. மணல் வடிகட்டியும் பம்பும் வர 1914 ஆனது. ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் அமைத்த அந்த ஏற்பாடு, 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்ற கணக்கில் போட்டது. அந்தக் கணக்கை ஊர் எப்போதோ தாண்டிவிட்டது.

வார்ப்பிரும்புக் குழாய்களை மரை போட்டு இணைப்பதில்லை. ஒன்றின் அகன்ற வாய்க்குள் அடுத்ததன் முனையைச் செருகி, இடைவெளியில் முறுக்கிய சணலை உளியால் இடித்து இறக்குவார்கள். பிறகு களிமண் பூசிய கயிற்றை வாயைச் சுற்றிக் கட்டி, மேலே மட்டும் ஒரு துளை விட்டு, உருக்கிய காரீயத்தை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். காரீயம் 327 டிகிரியில் உருகும். உள்ளே சொட்டுத் தண்ணீர் நின்றிருந்தால் அது நொடியில் ஆவியாகி, ஈயம் முகத்தில் தெறிக்கும். மழைக்காலத்தில் இந்த வேலைக்கு ஆள் தயங்கியதில் வியப்பில்லை. ஊற்றியது ஆறும்போது சுருங்கும். அதனால் சுற்றிலும் உளி வைத்துத் தட்டி இறுக்கினால்தான் மூட்டு பிடிக்கும். பின்னால் கசிந்தாலும் வைத்தியம் அதேதான்: மண்ணைத் தோண்டி, ஈயத்தை மறுபடி தட்டுவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க மேலே உருளும் சாலையில் அந்த ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

வீட்டுக்குள் வருகிற ஜி.ஐ. குழாயில்தான் மரை வேலை. பழைய கைக்காரர் முதலில் ஆக்சா பிளேடால் மரையைச் சற்று கீறிச் சொரசொரப்பாக்குவார், சணல் வழுக்காமல் இருக்க. பிறகு சணலைத் திருகும் திசையிலேயே சுற்றி, மேலே பேஸ்ட் தடவுவார். எதிர்த்திசையில் சுற்றினால் பாதி ஏறியதும் சணல் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இறுக்கிய எல்போவைக் கோணம் சரியில்லையென்று கால் சுற்று பின்னால் திருப்பினாலும் போச்சு; அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டும். நட்ட நடு வரிசையில் ஒழுகினால் இன்னும் சங்கடம். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தளரும். குழாயை அறுத்து, டையால் புது மரை வெட்டி, யூனியன் போடுவதைத் தவிர வழியில்லை. அதற்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுகிறார்கள், அல்லது எம்-சீல் அப்புகிறார்கள்.

லண்டன் வீட்டுக் குழாயும் இதே சணலும் பேஸ்ட்டும் கண்டதுதான். அது ஏன் பல பத்தாண்டுகள் தாங்குகிறது? ஹீட்டிங் குழாயில் சுற்றுவது அதே பழைய தண்ணீர். அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் ஆரம்பத்திலேயே கொஞ்சம் துருவை உண்டாக்கித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அரிப்பதற்குப் பெரிதாக எதுவுமில்லை. அங்கேயும் ஒழுகும் மூட்டுக்கு அடிக்கடி புதுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தால் அரிப்பு திரும்ப ஆரம்பிக்கும்.

சென்னைத் தெருக்குழாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. தண்ணீர் சில மணி நேரம் வரும், நிற்கும். நின்ற நேரத்தில் குழாய்க்குள் காற்று புகும். நாள்தோறும் புதுத் தண்ணீர், புதுக் காற்று. துருவுக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. மேலே கடற்கரை மண்ணின் உப்பு வேறு. 2003-04 வறட்சியில் மாதக்கணக்கில் விநியோகம் முடங்கி, ஊர் லாரித் தண்ணீரில் ஓடியபோது சணல் காய்ந்து சுருங்கவும் போதுமான அவகாசம் இருந்தது.

வெளியே ஒழுகும் தண்ணீரால் நஷ்டம் மட்டுமே. ஆபத்து, ஒழுக்கு உள்ளே திரும்பும்போது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை கசிவு வெளிநோக்கிப் போகும். அழுத்தம் இறங்கினால் மூட்டைச் சுற்றித் தேங்கியிருக்கும் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். வடசென்னையின் குறுகிய சந்துகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே கிடக்கின்றன. குழாய்த் திருகின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறாததால் வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தினார்கள், பிறகு அந்தக் குழாயிலேயே அடிபம்பு மாட்டினார்கள். குழாய்க்கு உயிர் இல்லாத வேளையில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் உறிஞ்சல்தான். முதலில் வரும் கலங்கல் குடங்களைப் பெண்கள் பாத்திரம் கழுவ ஒதுக்குவது வெறும் சுத்தப் பழக்கமில்லை. பொறியாளர் அளவுகோல் வைத்துச் சொல்வதை அவர்கள் நிறத்தையும் வாடையையும் வைத்துச் சொல்கிறார்கள்.

ஈயத்தின் இடத்துக்கு இப்போது ரப்பர் வளையம் வந்துவிட்டது. வீட்டுக்குள் பிளாஸ்டிக் குழாய், பசை. ஆனாலும் மண்ணுக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை பழையதுதான்: கம்பியின் ஒரு முனையைக் குழாயில் அல்லது வால்வில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து இரைச்சலைக் கேட்பது. தெரு அடங்கிய நேரத்தில்தான் அது கேட்கும். குழாயில் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் இரைச்சலும் இருக்கும். துறைமுகச் சாலையோரத் தெருக்களில் லாரி ஓயும் நேரமும் தண்ணீர் வரும் நேரமும் ஒன்றுசேர்வது அபூர்வம்.