மசகின் கனம்: வண்டி மையிலிருந்து இன்ஜின் ஆயில் வரை

அரியலூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையில் உள்ள கீழப்பழுவூரை, இலக்கிய வாசகர்கள் பழுவேட்டரையர்களோடு சேர்த்தே நினைப்பர். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலும் அங்கேதான் உள்ளது. இன்று அச்சாலையில் மிகுதியும் காணப்படுபவை சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள். அவற்றுக்கிடையே செல்லும் கார்களின் உரிமையாளர்கள் பலரும் நம்பும் ஒன்று உண்டு: 'நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது.' இந்நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

அச்சு தேய்வதும் முறிவதும் பாரவண்டி தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் கவலை. உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். பிற்கால மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோலைக் கருக்கி, அக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகாக இட்டனர். வண்டிச் சக்கரம் மெதுவாகச் சுழல்வது. அச்சுக்கும் குடத்துக்கும் இடையே இடைவெளியும் அதிகம். வழிந்துவிடாமல் ஒட்டி நிற்கும் தடித்த மை அதற்கு முற்றிலும் பொருத்தமே.

விரைந்து சுழலும் அச்சின் கதை வேறு. இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் 1883ஆம் ஆண்டில் ரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, தாங்கியில் இட்ட துளையின் அடைப்பை எண்ணெயே வெளியே தள்ளியது. பாரத்தைச் சுமப்பது உலோகமன்று, சுழற்சியால் அழுத்தம் பெற்ற எண்ணெய்ப் படலமே என்பது அதனால் விளங்கிற்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். வேகம், பாரம், இடைவெளி, பாகுத்தன்மை ஆகிய நான்கும் இசைந்தால்தான் படலம் நிலைக்கும். எண்ணெய் மிக நீர்த்தால் உலோகங்கள் உரசும். மிகத் தடித்தால் ஆற்றல் வீணாகும், குறுகிய இடுக்குகளை எண்ணெய் சென்றடையத் தாமதமாகும்.

நம் விளக்கெண்ணெயும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. முதல் உலகப்போரின் சுழல்வகை விமான இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெயே மசகு. பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதே காரணம். கேஸ்ட்ரால் என்ற வணிகப் பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 1911இல் எண்ணெய்களைப் பாகுத்தன்மைப்படி வகுக்கத் தொடங்கியது. டப்பாவின்மீது நாம் காணும் 20டபிள்யூ-40 அம்மரபில் வந்தது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 20டபிள்யூ எண்ணெய் உறைபனிக்கும் கீழே 15 பாகையில் இன்ஜினைச் சுழல விடுமா எனச் சோதிக்கப்படுகிறது. 0டபிள்யூவுக்கு அது 35 பாகை. அத்தகைய குளிர் கீழப்பழுவூருக்கு என்றும் வரப்போவதில்லை. இரண்டாம் எண் 100 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. 40 எனில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 20 எனில் 6.9 முதல் 9.3 வரை.

இங்கேதான் வெயில் பற்றிய நம்பிக்கை தளர்கிறது. ஓடும் இன்ஜினின் எண்ணெய் ஏறத்தாழ 100 பாகையைத் தொட்டுவிடும். குளிர்விப்பு அமைப்பு அதனைக் கட்டுக்குள் வைக்கிறது. ஊரின் வெயில் கூட்டும் வேறுபாடு நாம் எண்ணுவதைவிடக் குறைவே. இன்றைய கார்கள் பலவற்றில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. வால்வுகளின் நேரத்தை மாற்றியமைக்கும் பொறியும் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. 0டபிள்யூ-20க்கென வடிக்கப்பட்ட அத்தகைய இன்ஜினில் 20டபிள்யூ-40 ஊற்றுவது பாதுகாப்பன்று, எரிபொருளும் வீணாகும். பாரம் சுமக்கும் டீசல் லாரிக்கு 15டபிள்யூ-40 உகந்தது என்பதால், அருகில் நிற்கும் காருக்கும் அதுவே உகந்ததாகிவிடாது. சுண்ணாம்புத் தூசிக்கும் கெட்டியான எண்ணெய் மருந்தாகாது. காற்று வடிகட்டியைப் பேணுவதும் உரிய காலத்தில் ஆயில் மாற்றுவதுமே அதற்கு வழி.

வண்டிக்காரர் தம் அச்சை அறிந்தே மையைக் குழைத்தார். அவரிடமிருந்து நாம் பெற வேண்டியது மையின் தடிப்பையன்று, அச்சை அறியும் அந்த வழக்கத்தை. காரோடு தரப்படும் கையேட்டில் எண்ணெயின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. வெப்பநிலைக்கேற்ப மாற்று எண்கள் இசைவுடையவையெனில் அவையும் அங்கேயே உள்ளன.