நடுவட்டத்துச் சீனக் குடும்பம்

கொடைக்கானல் ஏரியைச் சுத்தி சைக்கிள் ஓட்டினவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். இன்னிக்குப் பேசப்போற குடும்பம் அந்த மலையிலகூட வாழ்ந்திருக்கலாம். ஆனா நீலகிரிக்குப் போயிடுச்சு. காரணம் ஒரு மரம், சிங்கோனா.

மலேரியாவுக்கு மருந்தா இருந்த குயினைன் இந்த மரத்தோட பட்டையிலதான் கிடைக்கும். தென்னமெரிக்காவுல இருந்து இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். எங்கே நடலாம்னு இடம் தேடி 1860-61ல அவர் பழனி மலைக்கும் ஏறிப் பார்த்தார். அப்போ கொடைக்கானல், அமெரிக்க மிஷனரிகள் 1845ல பங்களா கட்டி ஆரம்பிச்ச ஒரு சின்னக் குடியிருப்புதான். கடைசியில அரசாங்கத் தோட்டங்கள் நீலகிரியிலதான் வந்துச்சு. ஒண்ணு தொட்டபெட்டாவுல, இன்னொண்ணு ஊட்டி-கூடலூர் வழியில இருக்கிற நடுவட்டத்துல.

மலையில தோட்டம் போட ஆள் வேணுமே? இங்கதான் சீனர்கள் வர்றாங்க.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூணையும் சேர்த்து ‘நீரிணைக் குடியேற்றங்கள்’னு சொல்வாங்க. 1867 வரைக்கும் அதை ஆண்டது பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம். இந்தியக் கைதிகளைக் கப்பல்ல ஏத்தி அங்கே அனுப்பினாங்க. சிங்கப்பூரோட புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவங்க கையால எழும்பினதுதான். பதிலுக்கு, அங்கே ஜெயில்ல இடம் பத்தாத சீனக் கைதிகள் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தாங்க. கணக்குப் பார்த்தா ஒரு பண்டமாற்று மாதிரி. அப்படி வந்தவங்கள்ல கொஞ்சம் பேரை நீலகிரி ஜெயில்ல போட்டு, சிங்கோனாத் தோட்டத்துல வேலை வாங்கினாங்க. இவங்க அபினிப் போர்க் கைதிகள்னு ஊட்டிப் பக்கம் ஒரு கதை உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நான் ஜெயில் கதையைத்தான் நம்புறேன்.

1868ல ஒரு புயல் ராத்திரி 12 சீனக் கைதிகள் தப்பிச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மலபார்ல பிடிபட்டாங்க. தேடிப்போன போலீஸ்காரங்கள்ல நாலு பேரோட உடல் சிஸ்பாரா மலைப்பாதையில கிடந்துச்சு, தலை வெட்டப்பட்டு. இந்தச் சம்பவத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் விலாவாரியா எழுதி வெச்சிருக்காங்க. தண்டனை முடிஞ்சு சத்தமில்லாம இங்கேயே தங்கிட்டவங்களைப் பத்தி அவ்வளவு பக்கங்கள் இல்லை.

அவங்களைப் பத்தி நமக்குச் சொல்றவர் எட்கர் தர்ஸ்டன். மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர். நீலகிரி சுற்றுப்பயணத்துல, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல மலைச்சரிவுல ஒரு சின்னச் சீனக் குடியிருப்பைப் பார்த்தார். ஆண்கள் சீனர்கள். அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண்களை. காய்கறியும் காபியும் போட்டு, பெரிய வசதி இல்லாம, ஆனா பிழைச்சுக்கிட்டு இருந்தாங்க. மாசச் சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. விளைஞ்சு வித்தாத்தான் காசு. ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு இந்த நிலைமை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை நேரா வந்து அடிக்கிற சரிவு அது. ஜூன்ல ஆரம்பிச்சா மாசக்கணக்குல நிக்காது. ஊட்டிச் சந்தை முப்பது கிலோமீட்டருக்கு மேல, அதுவும் ஏத்தம்.

ஏன் இந்தக் கல்யாணம் நடந்துச்சு? என் யூகம் இதுதான்: ஊர் ஒதுக்கி வெச்ச ரெண்டு பேருக்கு ஊர்கிட்ட சம்மதம் கேட்க வேண்டிய அவசியம் வரலை. ஒருத்தர் ஜெயில்ல இருந்து வந்த வெளிநாட்டுக்காரர். இன்னொருத்தரைச் சாதி ஏற்கெனவே வெளியில நிறுத்தியிருந்துச்சு. ஊருக்குத் தள்ளி ஒரு சரிவுல குடிசை போட்டுக்க ரெண்டு பேருக்குமே காரணம் இருந்துச்சு.

சரி, தர்ஸ்டன் அந்த வீட்டுல என்ன பண்ணார்? அளவெடுத்தார். மூக்கையும் மண்டையையும் அளந்தா மனுஷங்களை வகைப்படுத்தலாம்னு நம்பின காலம் அது. அதை அறிவியல்னு சொன்னாங்க. ஒரே குடும்பத்துல அப்பா, அம்மா, ஒரு பொண்ணு, மூணு பசங்க. பசங்களுக்கு 10, 9, 5 வயசு. தலையோட அகலம் முறையே 14.3, 14, 13.7 சென்டிமீட்டர். அப்பாவோட மூக்குக் குறியீடு 71.7, அம்மாவோடது 78.7. பிள்ளைங்க அப்பா பக்கம் போயிருக்காங்கன்னு முடிவு. 1909ல வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதியில இந்த அட்டவணையை இன்னிக்கும் பார்க்கலாம்.

அந்த அஞ்சு வயசுப் பையன் அப்பாவை என்னன்னு கூப்பிட்டான்? அடுப்புல வெந்தது குழம்பா, வேற ஏதாவதா? அம்மா பேர் என்ன? தசம புள்ளி வரைக்கும் மூக்கை அளந்த மனுஷருக்கு இதைக் கேட்கத் தோணலை. எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம் இது. அதே சமயம், அந்தப் பக்கங்கள் இல்லைன்னா இந்தக் குடும்பம் இருந்துச்சுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

இந்தப் பிள்ளைங்க பின்னால என்ன ஆகுறாங்கன்னு கவனிச்சா சுவாரசியமா இருக்கும்னு அவர் எழுதியிருக்கார். உடம்பு எப்படி இருக்கு, குணம் மேம்படுதா கெடுதா, எத்தனை பிள்ளை பெறுறாங்க, இதெல்லாம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

நடுவட்டம் ஜெயில் இப்போ ஒரு சின்ன அருங்காட்சியகம். ஊட்டியில கூடலூர் பஸ் ஏறினா போய்ப் பார்த்துட்டு வரலாம். சுத்தி இப்போ சிங்கோனா இல்லை, தேயிலைதான்.