இரைப்பை நரம்பு முடிச்சு

நண்டு, சிங்கி இறால் முதலிய பத்துக்காலிகளின் இரைப்பைத் தசைகளை இயக்கும் சிறு நரம்பணுத் திரள் இரைப்பை நரம்பு முடிச்சு எனப்படும். இதிலுள்ள நரம்பணுக்கள், இனத்துக்கேற்ப, ஏறத்தாழ 25 முதல் 30 வரையே. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே இனங்கண்டு, நுண்மின்முனையால் துடிப்பைப் பதிவு செய்ய முடிவதால், தாள இயக்கம் பற்றிய ஆய்வில் இம்முடிச்சு தனியிடம் பெற்றுள்ளது.

தாளத்தின் பிறப்பிடம்: புலனுறுப்புகளிலிருந்து வரும் செய்திகளே தாளத்தை நடத்துகின்றன என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. வெட்டுக்கிளியின் சிறகுகளிலிருந்து வரும் உணர்நரம்புகளைத் துண்டித்த பின்பும் பறத்தலுக்குரிய துடிப்பு, வேகம் குறைந்தாலும், நீடிப்பதை 1961இல் டொனால்ட் வில்சன் காட்டினார். இவ்வாறு புறத்தூண்டலின் தாளத்தைச் சாராமல் தாமே ஒழுங்கான துடிப்பை உண்டாக்கும் சுற்றுகள் மையத் தாளவாக்கிகள் எனப்படும். இரைப்பை முடிச்சை அதனோடு இணைந்த முடிச்சுகளுடன் பிரித்து உப்புக் கரைசலில் இட்டாலும், அது உயிருள்ள நண்டில் துடிப்பதைப் போன்றே துடிக்கிறது.

இரு தாளங்கள்: இரைப்பையினுள் உள்ள மூன்று பற்களை அசைத்து உணவை அரைக்கும் தாளம் சுற்றுக்குப் பல நொடிகள் எடுக்கும், அரைத்ததை வடிகட்டும் பின்பகுதியின் தாளம் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை நிகழும். பின்னதில், தன் அயனி மின்னோட்டங்களால் தானே அலைவுறும் ஒரு நரம்பணு, மின்னிணைப்பால் தன்னோடு சேர்ந்த இரு நரம்பணுக்களுடன் ஒருசேரத் துடித்து, மற்றவற்றை ஒடுக்குகிறது. அத்துடிப்பு அடங்கியதும் ஒடுக்கப்பட்டவற்றுள் ஒன்று முதலில் எழ, அடுத்த குழு சற்றுத் தாமதித்து எழுந்து அதனை அடக்குகிறது. இவ்வாறு, பெரும்பாலும் தடுப்பிணைப்புகளாலேயே மூன்று கட்ட வரிசை உருவாகிறது.

மாற்றியமைப்பு: இம்முடிச்சு இரத்தக்குழாயினுள் அமைந்திருப்பதால், இரத்தத்தில் வரும் இயக்குநீர்கள் அதனை நேரடியாக அடைகின்றன. டோபமைன், செரோட்டோனின், புரோக்டோலின் முதலியவை நரம்பணுக்களின் மின்பண்பையும் இணைப்புகளின் வலிமையையும் மாற்றுவதால், ஒரே சுற்று பல தாளங்களைத் தருகிறது. சில நரம்பணுக்கள் ஒரு தாளத்திலிருந்து விலகி மற்றொன்றில் சேர்வதும் உண்டு. ஈவ் மார்டரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு, மிக வேறுபட்ட இணைப்பு வலிமைகளும் அயனிப் பண்புகளும் ஏறக்குறைய ஒரே தாளத்தை விளைவிக்கக்கூடும் எனக் காட்டியது. ஆகவே, எந்த நரம்பணு எதனோடு இணைந்துள்ளது என்னும் வரைபடம் ஆய்வுக்கு இன்றியமையாததாயினும், அது மட்டுமே தாளத்தை விளக்கப் போதாது என்பதே இச்சிறு முடிச்சு உயிரியலுக்கு உணர்த்திய பெரும் உண்மையாகும்.