பபூனா, நாரதரா? திண்டுக்கல் சமவெளியின் ‘வள்ளி திருமண’ மேடையில் தந்திரக்காரர்

விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் தந்திரக்காரர் (trickster) கோமாளியான பபூனே என்று முடிவு செய்வது எளிது. இரவு முதலில் மேடையேறுபவர் அவர். ஊரார் முன் பேசக் கூசுவதைப் பேசிச் சிரிக்கவைப்பவர். டான்ஸ் பெண்ணோடு நள்ளிரவுவரை மல்லுக்கு நிற்பவர். வரம்பு மீறலே தந்திரக்காரரின் அடையாளம் என்றால் இந்த முடிவில் குறையில்லை. ஆனால் தந்திரத்துக்கு இலக்காக ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆள் கதைக்குள் இருக்க வேண்டும். பபூன் எவ்வளவு பேசினாலும் வள்ளியின் வாழ்வில் ஓர் இலைகூட அசைவதில்லை. அதை அசைப்பவர் நாரதர்.

கச்சியப்பரின் கந்தபுராணத்தில் நாரதர் சேதி சொல்பவர் மட்டுமே. வள்ளியைக் கண்டு, தணிகை சென்று, முருகனிடம் அவள் அழகைச் சொல்வதோடு அவர் பணி முடிகிறது. சூழ்ச்சியெல்லாம் முருகனுடையது: வேடனாக வருகிறான், வள்ளியின் தந்தை நம்பி வந்ததும் வேங்கை மரமாகிறான், பிறகு கிழவராகித் தேனும் தினைமாவும் வாங்கி உண்கிறான், கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைக்கிறான். இந்தத் தந்திரம் தோற்க வழியே இல்லை. வள்ளி எவ்வளவு மறுத்தாலும் யானை வரும். அவள் அஞ்சி ஓடிவந்து கிழவரைத் தழுவுவாள்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த மேடையோ புராணம் விரைந்து கடந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்து மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்களில் நாரதர் தினைப்புனத்துக்கே வந்து வள்ளியோடு தர்க்கம் செய்கிறார். பழனி மலை இருக்கும் மாவட்டம் இது. முருகன் வள்ளியை மணப்பான் என்பது முன்வரிசையில் தூங்கி விழும் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஊர் விழித்திருப்பது ஏன்?

இந்தத் தர்க்கத்தைக் கதையோட்டத்தில் விழுந்த இடைவெளி என்றும், நடிகர்கள் கல்வி காட்டும் சந்தர்ப்பம் என்றும் ஒதுக்கும் வாசிப்பு உண்டு. என் கருத்தில் நாடகத்தின் மையம் அதுதான். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார்கள், ஒத்திகை கிடையாது. ஆகவே இன்றைய வள்ளி என்ன கேட்பார் என்பது இன்றைய நாரதருக்குத் தெரியாது. கன்னிப்பெண் காவலிருக்கும் புனத்தில் முற்றும் துறந்தவருக்கு என்ன வேலை, சம்சாரம் மாயை என்பவர் கல்யாணம் பேச வருவது எந்த நியாயம் என்று அவர் மடக்கினால், நாரதர் அங்கேயே பதில் கண்டாக வேண்டும். ஸ்ருதி சேர்த்துப் பாட்டெடுத்துத் தப்பலாம். தப்புகிறார் என்பதும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். கதையின் முடிவு எழுதப்பட்டுவிட்டது, வாதத்தின் முடிவு எழுதப்படவில்லை. மானுடவியலர் பால் ரேடின் 1956இல் விளக்கிய வின்னபேகோ பழங்குடிக் கதைகளில் ஏய்ப்பவனே அடிக்கடி ஏமாந்தும் போகிறான். அந்த ஆபத்து பபூனுக்கும் இல்லை, புராண முருகனுக்கும் இல்லை. இந்த மேடையில் அது நாரதருக்கு மட்டுமே உண்டு.

நாரதர் கலகம் நன்மையில் முடியும், ஆகவே அவரைத் தந்திரக்காரர் எனலாகாது என்பார்கள். நன்மை விடியலில் வருவது. பரண்மேல் நிற்கும் வள்ளிக்கு அந்த நேரத்தில் அது தெரியாது. அச்சுப் பிரதிகளில் தர்க்கம் இவ்வளவு நீளமில்லை என்ற மறுப்பும் வரலாம். ஆடப்படும் நாடகத்தை அச்சுப் பிரதியால் அளப்பதை நான் ஏற்கவில்லை.

இந்த வாசிப்பைத் தொண்டை நாட்டுத் தெருக்கூத்துக்கு நீட்டத் துணியமாட்டேன். அங்கே கட்டியங்காரன் கதைக்கு உள்ளும் புறமும் நடமாடுபவர், அவர் கணக்கு வேறு. இங்கோ நாரதரைத் தந்திரக்காரராகக் கொண்டால், வள்ளியையும் மறுபடி படிக்க நேர்கிறது. சூழ்ச்சிக்கு இரையான பேதைப்பெண் என்ற சித்திரம் கந்தபுராணத்துக்குப் பொருந்தலாம். கம்பங்கொல்லையில் கவண் வீசிக் குருவி விரட்டிப் பழகிய பெண்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் வள்ளி அவளல்லள். முனிவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அந்த ஸ்திரீபார்ட்டின் வாதத்தை நடிகையின் தனித்திறமை என்று மட்டும் பாராட்டி ஒதுக்கிவிடுகிறோம். அது வள்ளியின் இயல்பாக, பாத்திரத்தின் பகுதியாகவே பதிவு செய்யப்பட வேண்டும்.