‘பி’ குரூப்பும் ஒரு போலந்து டாக்டரும்

திருப்பூரில் காலை நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய பனியன் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் உள்ளே போகும். அட்டையில் பெயருக்குக் கீழே ரத்த குரூப். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு போலந்துக்காரர் இருக்கிறார்... லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டு!

ரத்தப் பிரிவுகளை வியன்னாவில் கண்டுபிடித்தது லாண்ட்ஸ்டெய்னர். அவர் 1901-ல் வைத்த பெயர்கள் ஏ, பி, சி. ஹிர்ஷ்ஃபெல்டும் ஜெர்மானியரான டுங்கெர்னும் 1910-ல் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, ரத்த குரூப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று நிரூபித்தார்கள். ‘சி’யை ‘ஓ’ ஆக்கியதும் அவர்கள்தான்.

பிறகு முதல் உலகப் போர். 1915-ல் செர்பியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவ, வலியப் போய் வேலைக்குச் சேர்ந்தார் மனிதர். அங்கிருந்து கிரேக்கத்தின் சலோனிகா. பல நாட்டுப் படைகள் குவிந்திருந்த ஊர் அது. ‘இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிமேல் வாய்க்குமா?’ என்று அவரும் டாக்டரான மனைவி ஹன்னாவும் ரத்தம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுமார் 8,000 பேர்! அதில் 1,000 பேர் பிரிட்டிஷ் படையிலிருந்த நம் இந்தியச் சிப்பாய்கள். ஆங்கிலேயர்களில் ‘பி’ குரூப் வெறும் 7 சதவிகிதம். நம்மவர்களிடம் 41 சதவிகிதம்! ‘பி’ பிறந்த இடமே இந்தியாவாக இருக்கலாம் என்றுகூட 1919-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. ஆனால், எல்லா நாட்டிலும் எல்லா குரூப்பும் கலந்துதான் கிடக்கிறது என்பதையும் அதே கணக்கு காட்டியது.

நாஜிகளுக்கு அந்தப் பாதி தேவைப்படவில்லை. ரத்தத்தை வைத்து இனம் பிரிக்கும் ஆராய்ச்சி என்று ஜெர்மனியில் ஒரு கூட்டமே கிளம்பியது. ரத்தக்குழாயில் யூதனும் ஜெர்மானியனும் தனித்தனியாகத் தெரியவில்லை. அதனால் என்ன? தாத்தா பாட்டி யார் என்று பார்த்து முத்திரை குத்தினார்கள். கத்தோலிக்கராக மாறியிருந்தும், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1941-ல் ஹிர்ஷ்ஃபெல்டு வார்சா கெட்டோவுக்குள் தள்ளப்பட்டார். உள்ளே பசி, மறுபடி டைஃபஸ். அதற்கு நடுவே மருத்துவ மாணவர்களுக்கு ரகசியமாகப் பாடம் எடுத்தார். 1942-ல் குடும்பத்தோடு தப்பி, பொய்ப் பெயரில் ஒளிந்து திரிந்தார். அந்தத் தலைமறைவு வாழ்க்கையில், 1943-ல், ஒரே மகள் இறந்துபோனாள். ஒளிந்திருந்த இடங்களில் எழுதிய சுயசரிதை 1946-ல் வெளிவந்தது.

போருக்குப் பின் விராட்ஸ்வாஃப் நகரில் மறுபடி சோதனைக்கூடம், மாணவர்கள், ரத்தக்குழாய்கள். 1954 மார்ச்சில் இறக்கும்வரை அவர் அந்த ஊரில்தான் இருந்தார்.