பலமரம் கண்ட தச்சன்

பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது தமிழ்நாட்டிலும் ஈழநாட்டிலும் ஒருங்கே வழங்கும் பழமொழி. பலவற்றிலும் மனத்தைச் செலுத்துவோன் எதனையும் முடிக்கமாட்டான் என்பது அதன் கருத்து. ஒரு துறையில் ஆழ்ந்து நிற்றல் சிறப்போ, பல துறைகளைப் பயிலுதல் சிறப்போ என்னும் வினா, உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு முதலியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய ஒவ்வொரு மாணவன் முன்னும் நிற்கின்றது. திருக்கோணமலைப் பகுதியின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வினாவை ஆராயத்தக்க சான்றுகள் கிடைக்கின்றன.

நிலாவெளியிலே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பெற்றது. திருக்கோணமலையில் எழுந்தருளிய மத்ஸ்யகேஸ்வரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. இக்கல்லின் எழுத்துக்களை வாசித்தற்குப் பழைய வரிவடிவங்களிலே பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அது ஒருதுறைப் புலமை. ஆனால் வாசித்த அளவில் பொருள் முற்றும் விளங்கிவிடுவதில்லை. தஞ்சைப் பகுதியின் பிற்கால வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர்; கல்வெட்டுக் காலத்து வேலியும் அதுதானோ எனத் துணிய, நில அளவையின் வரலாறு தெரிதல் வேண்டும். கோயிலின் பெயரை விளக்கச் சமய அறிவும், ஊர்களை இனங்காண நிலவியல் அறிவும் வேண்டும். ஒரு கல்லே இத்தனை அறிவை வேண்டுமாயின், மறைந்துபோன ஒரு கலையை மீட்டற்கு எத்துணை அறிவு வேண்டும்!

அத்தகைய பெரும்பணியைச் செய்து முடித்தவர் விபுலானந்த அடிகள். நிலாவெளிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள திருக்கோணமலை நகரில், இந்துக் கல்லூரியின் பொறுப்பை 1925 இல் இராமகிருஷ்ண சங்கம் ஏற்றபோது, அதனை நடத்தும் பணியை மேற்கொண்டவர் அவரே. 1892 இல் காரைதீவிலே பிறந்த அவருக்குப் பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கொழும்பிலே விஞ்ஞானம் பயின்று, அக்காலத்திலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924 இல் துறவு பூண்டார். சேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ இயற்றினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பழமொழி கூறும் தச்சனுக்கு இவரினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்று அந்நாளில் ஒருவர் எண்ணியிருப்பின், அது வியப்பன்று.

ஆயினும் தச்சன் மரத்தை வெட்டினான். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பன நூல்களிலே பெயரளவில் நின்றன. அவற்றை மீட்டுவோர் எவரும் இலர். யாழின் உறுப்புக்களை அறியச் சிலப்பதிகாரமும் அதன் உரையும் வேண்டும். நரம்புகளின் ஒலியை அறியக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். ஒரே தடிப்பும் ஒரே இறுக்கமும் உள்ள நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். மூன்றில் இரு பங்காக்கினால் ஐந்தாம் சுரம் பிறக்கும். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இதுவே. பழைய உரையாசிரியர் சொற்களால் கூறியதை அடிகள் எண்களால் ஆராய்ந்தார். தமிழ் மட்டும் கற்றவர்க்கு அக்கணக்கு எட்டாது. கணிதம் மட்டும் கற்றவர்க்கு அவ்வுரை எட்டாது.

இதனால் ஒருதுறைப் புலமை தாழ்ந்ததென முடிவு செய்தல் தவறு. அடிகள் பிறந்த அதே 1892 இல், சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர். ஏடு தேடுதல், பாடம் ஒப்பிடுதல், பதிப்பித்தல் என்னும் ஒரே நெறியில் அவர் வாழ்நாளைச் செலவிட்டார். அவ்வுழைப்பு இல்லையேல் யாழ்நூலுக்கு அடிப்படையே இல்லை. தஞ்சையில் சித்த மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதரோ மருத்துவத்தோடு இசையையும் ஆராய்ந்து, 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஆழ்ந்தவர் வெட்டிய ஊற்றிலிருந்தே பரந்தவர் வாய்க்கால் கொண்டு செல்கின்றனர்.

பல்துறைப் புலமைக்கு ஓர் இடரும் உண்டு. ஒரு கைத்தொழிலை ஆசான் மாணாக்கனுக்கு முழுமையாகக் கையளிக்கலாம். பல அறிவுகள் ஒரு மனிதரிடத்துக் கூடியதால் விளைந்த திறனை அவ்வாறு கையளித்தல் எளிதன்று. யாழ்நூல் அரங்கேறிய அடுத்த மாதம், ஜூலை 19 ஆம் நாள், அடிகள் மறைந்தார். அவர் முடிபுகளைப் பற்றி அறிஞர் பின்னர் வேறுபட்டும் பேசியுள்ளனர். அவற்றை ஆராய்ந்து கொள்ளவோ தள்ளவோ விரும்புவோரும், தமிழும் இசையும் கணிதமும் ஒருங்கே கற்றாலன்றி அவ்வாராய்ச்சிக்குள் புகுதல் இயலாது. பாடங்களை வேலி கட்டிப் பிரிக்கும் கல்வியில் இத்தகையோர் அரிதாகவே தோன்றுவர்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இவ்வினாவுக்கு முன்னரே ஒரு நெறி வகுத்துள்ளது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என அறுவரும் தத்தம் கலையில் வல்லவர். ஆயினும் தண்ணுமை முழக்குவோன் ஆடலும் பாடலும் இசையும் தமிழும் அறிந்திருத்தல் வேண்டும் என்கின்றது அக்காதை. தன் கருவி ஒன்றே. அது சேரவேண்டிய அரங்கு முழுவதும் அவன் அறிவில் அடங்கவேண்டும். பல மரங்களைக் காணுதல் குற்றமன்று. எம்மரம் எதற்கு உதவும் என அறிந்து, ஒன்றைத் தேர்ந்து, அதனை வெட்டி முடிக்கும் வரை கோடரியைக் கீழே வையாதிருத்தலே தச்சனுக்கு அழகு.